இங்கிலாந்து என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் பல் மருத்துவருக்குப் பணம் வரும் வழி: யு.டி.ஏ. கணக்குக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலோ பேராதனையிலோ பல் மருத்துவம் படித்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஓ.ஆர்.இ. பதிவுத் தேர்வு எழுதி, இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்னும் அரசு சுகாதாரச் சேவையின் வேலைக்கு வருபவர்கள் முதல் சில மாதங்கள் ஒரே தவறான கணக்கைப் போடுகிறார்கள். இன்று இரண்டு ஃபில்லிங், ஒரு பல் எடுத்தது, இதற்கு இவ்வளவு வரும் என்று. இங்கே செய்த வேலைக்கு வேலை வாரியாகக் கூலி இல்லை. ஓர் ஆண்டில் இத்தனை அலகு வேலை தருகிறோம் என்று கிளினிக் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. அதை நம்பி பணம் மாதாமாதம் முதலில் வந்துவிடுகிறது, கணக்கு பிறகு தீர்க்கப்படுகிறது. இந்த வரிசை மனதில் பதியாவிட்டால், ஆண்டு முடிவில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு. நோயாளி கட்டணத் தொகைகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. கட்டணமும் விதிகளும் ஏப்ரலில் மாறுவது வழக்கம், எனவே ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிய எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பணம் யாரிடமிருந்து யாருக்கு வருகிறது

ஒப்பந்தம் போடுவது இரண்டு தரப்பு. ஒரு பக்கம் அந்தப் பகுதியின் ஐ.சி.பி. என்னும் சுகாதார வாரியம். மறுபக்கம் கிளினிக் உரிமையாளர், அதாவது புரொவைடர். ஒப்பந்தம் பெரும்பாலும் ஜி.டி.எஸ். வகை, அதற்குக் காலக்கெடு இல்லை. பி.டி.எஸ். வகையானால் காலக்கெடு உண்டு. கிளினிக்கை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஆண்டுத் தொகை, ஆண்டு அலகுகள். அலகின் பெயர் யு.டி.ஏ., அதாவது பல் சிகிச்சை வேலையின் அளவுகோல். தொகையை அலகால் வகுத்தால் ஒரு யு.டி.ஏ.வின் மதிப்பு. இது கிளினிக்குக் கிளினிக் மாறும். 2006 ஏப்ரலில் இந்த முறை வந்தபோது அதற்கு முந்தைய வருமானத்தை வைத்து நிர்ணயித்த மதிப்புகளே இன்றும் பல இடங்களில் அடித்தளம். 2024 ஏப்ரல் 1 முதல் குறைந்தபட்ச மதிப்பு 28 பவுண்டு என்று ஆனது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோம்: ஆண்டுக்கு 2,80,000 பவுண்டு, 10,000 யு.டி.ஏ., ஒன்றுக்கு 28 பவுண்டு.

இந்தத் தொகை 12 சம பங்குகளாக, மாதம் 23,333 பவுண்டு வீதம் வரும். அனுப்புவது என்.எச்.எஸ்.பி.எஸ்.ஏ. என்னும் பணப்பட்டுவாடா அமைப்பு. அந்த மாதம் 300 யு.டி.ஏ. செய்தாலும் 1,200 செய்தாலும் பங்கு மாறாது.

அசோசியேட்டாக, அதாவது புரொவைடரின் கிளினிக்கில் பணியாற்றும் மருத்துவராக, வேலை செய்யும் உங்களுக்கு என்.எச்.எஸ். நேரடியாகப் பணம் தருவதில்லை. புரொவைடர் தன் பணத்திலிருந்து, உங்களுடன் போட்ட தனி ஒப்பந்தப்படி தருகிறார். ஆக இரண்டு ஒப்பந்தங்கள், இரண்டு விலைகள். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஜி.டி.சி.யில் பதிவு மட்டும் போதாது. என்.எச்.எஸ். சிகிச்சை செய்ய அனுமதி பெற்றவர்களின் பட்டியலான தேசிய பெர்ஃபாமர்ஸ் லிஸ்டில் பெயர் ஏறி, பெர்ஃபாமர் எண் வர வேண்டும். அந்த எண் அந்தக் கிளினிக்கின் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். இந்த இரண்டாவது இணைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எண் இருந்தும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்படாமல் இருந்தால் உங்கள் படிவங்கள் நிராகரிக்கப்படும்.

எண் வரும் வரை வேறொரு மருத்துவரின் எண்ணில் படிவம் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யார் சிகிச்சை செய்தார் என்பதைப் பற்றிய பொய்யான உரிமைகோரல் அது. பணம் போவது ஒரு பக்கம், ஜி.டி.சி. பதிவுக்கே கேடு வரும்.

காம்பஸ் என்னும் இணையக் கணக்கில் உங்களுக்கென நுழைவு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை யு.டி.ஏ. ஏறியிருக்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். கிளினிக் மென்பொருள் காட்டும் எண் அனுப்பியது, காம்பஸ் காட்டும் எண் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பணத்துக்கு இரண்டாவதுதான் கணக்கு.

3. அசோசியேட் ஒப்பந்தத்தில் நின்று படிக்க வேண்டிய வரிகள்

ஒரு யு.டி.ஏ.வுக்கு உங்களுக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் வரிகளைத்தான் பார்ப்பதில்லை. கணக்குக்காக உங்கள் விலை 13 பவுண்டு, ஆண்டு இலக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, மாதச் சம்பளம் எப்படி என்பது. சில இடங்களில் இலக்கை 12-ஆல் வகுத்து மாதம் 5,417 பவுண்டு தருவார்கள். சில இடங்களில் அந்த மாதம் ஏறிய யு.டி.ஏ.வுக்கு மட்டும் தருவார்கள். முதல் முறை இதமானது, ஆனால் நீங்கள் கடனில் ஓடிக்கொண்டிருப்பது தெரியாது. இரண்டாவது முறையில் முதல் மாதம் மிகக் குறைவாக வரும், ஏனென்றால் தொடங்கிய சிகிச்சைகள் முடிந்திருக்காது. வீட்டு வாடகைக்கு இரண்டு மாதப் பணம் கையிருப்பில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.

இரண்டாவது, இலக்கு குறைந்தால் எந்த விலையில் திருப்பித் தர வேண்டும் என்பது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வரி. 5,000-க்கு 4,700 செய்தீர்கள் என்றால் 300 குறைவு. உங்கள் விலையில் கணக்கிட்டால் 3,900 பவுண்டு. கிளினிக்கின் விலையில், அதாவது 28 பவுண்டில் கணக்கிட்டால் 8,400 பவுண்டு. நீங்கள் வாங்கவே வாங்காத பணத்தையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் எந்த விலை என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, லேப் பில், அதாவது பல் பொருட்களைச் செய்து தரும் கூடத்தின் செலவு. பாதிக்குப் பாதி பிரிப்பது வழக்கம். கிரவுன், பல்செட் எல்லாம் இதில் வரும். மாதம் 600 பவுண்டு பில் வந்தால் 300 உங்களிடமிருந்து போகும்.

நான்காவது, ஆண்டு உயர்வு. ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி அரசு ஒப்பந்தத் தொகையை உயர்த்தும்போது, அறிவிப்பு தாமதமாக வந்து ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டுக் கணக்காவது உண்டு. அந்த உயர்வு அசோசியேட்டுக்கும் உண்டா, முன்தேதியிட்டா, என்பது ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கேட்க முடியும்.

கடைசியாக, இலக்கு நடக்கக்கூடியதா என்பது. போன ஆண்டு அதே நாற்காலியில் எத்தனை யு.டி.ஏ. நடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

4. ஆண்டு இலக்கை நாள் கணக்காக மாற்றுங்கள்

5,000-ஐ 52 வாரத்தால் வகுக்காதீர்கள். விடுமுறை, அரசு விடுமுறை நாட்கள், பயிற்சி நாட்கள் எல்லாம் கழித்தால் உழைக்கும் வாரங்கள் ஏறக்குறைய 44. வாரத்துக்கு 114. நான்கு நாள் வேலையென்றால் நாளுக்கு 28 முதல் 29 வரை.

ஆண்டு முதல் நாளிலேயே இதை எழுதி வைப்பதற்குக் காரணம், ஏப்ரலும் மேயும் எப்போதும் தாழ்வாகவே தொடங்கும். நீங்கள் அப்போதுதான் சிகிச்சைகளைத் திறக்கிறீர்கள். அந்தத் தாழ்வு இயல்பானதா, இலக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதை நாள் கணக்கு இருந்தால்தான் பிரித்துப் பார்க்கலாம்.

வராமல் போகும் நோயாளிக்கு யு.டி.ஏ. கிடையாது. அவரிடம் அபராதமும் வாங்க முடியாது. அதனால் நாள் கணக்கில் கொஞ்சம் இடைவெளி விட்டே போடுங்கள்.

5. சிகிச்சை தொடங்கும் முன் முன்மேசையில் முடிய வேண்டியவை

என்.எச்.எஸ். சிகிச்சை ஒவ்வொன்றும் ஒரு தொகுப்பு. பரிசோதனையில் தொடங்கி, ஒப்புக்கொண்ட வேலை எல்லாம் முடியும் வரை ஒரே தொகுப்பு, யு.டி.ஏ. கோரி அனுப்பும் எஃப்.பி.17 படிவமும் ஒன்றே.

நோயாளி கட்டணம் கட்டுபவரா, விலக்கு உள்ளவரா என்பதை முதல் வருகையிலேயே பி.ஆர். படிவத்தில் அவரே அறிவித்துக் கையெழுத்திட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்கள், முழுநேரப் படிப்பில் இருக்கும் 18 வயதினர், கர்ப்பிணிகள், கடந்த 12 மாதங்களுக்குள் குழந்தை பெற்றவர்கள், குறிப்பிட்ட சில அரசு உதவித்தொகை பெறுபவர்கள், குறைந்த வருமானத்துக்கான எச்.சி.2 சான்று வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. எல்லா உதவித்தொகைக்கும் விலக்கு இல்லை. தவறாக அறிவித்த நோயாளிக்கு 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் போகும். அந்தக் கோபம் உங்கள் முன்மேசையில்தான் வந்து இறங்கும். ஆகவே ஊழியர்கள் "உங்களுக்கு இலவசம்தான்" என்று தாங்களே சொல்லிவிடக் கூடாது.

பேண்ட் 2, பேண்ட் 3 (அடுத்த பகுதியில் வரும் சிகிச்சைப் பிரிவுகள்) சிகிச்சைக்கும், என்.எச்.எஸ்.ஸோடு தனியார் சிகிச்சை கலக்கும்போதும் எஃப்.பி.17 டி.சி. என்னும் திட்டத் தாளை எழுதிக் கொடுங்கள். எந்தப் பல் என்.எச்.எஸ்., எந்தப் பல் தனியார் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பின்னாளில் புகார் வந்தால் பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான் மருத்துவர் தோற்கிறார்.

6. பேண்ட் போடுவது

ஒரு தொகுப்பில் என்னென்ன செய்தாலும், அதில் உயர்ந்த பேண்ட் ஒன்றுக்குத்தான் யு.டி.ஏ. கூட்டிச் சேர்ப்பது கிடையாது. 2022 நவம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்த பிரிவுகள்:

பேண்ட் 1: 1 யு.டி.ஏ. பரிசோதனை, எக்ஸ்-ரே, ஆலோசனை, தேவைப்பட்டால் சாதாரண ஸ்கேலிங், ஃப்ளூரைடு வார்னிஷ்.

அவசர சிகிச்சை: 1.2 யு.டி.ஏ.

பேண்ட் 2ஏ: 3 யு.டி.ஏ. ஒன்று அல்லது இரண்டு பற்களில் நிரந்தர ஃபில்லிங் அல்லது பல் எடுத்தல், ஈறுக்குக் கீழே வேர்ப் பரப்பைச் சுத்தம் செய்தல் போன்றவை.

பேண்ட் 2பி: 5 யு.டி.ஏ. ஃபில்லிங்கும் பல் எடுத்தலும் சேர்த்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள், அல்லது கடைவாய்ப் பல் அல்லாத நிரந்தரப் பல்லில் வேர் சிகிச்சை.

பேண்ட் 2சி: 7 யு.டி.ஏ. நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை.

பேண்ட் 3: 12 யு.டி.ஏ. கிரவுன், பிரிட்ஜ், பல்செட் போன்ற லேப் வேலைகள்.

2பி-யில் எண்ணுவது பற்களை, ஃபில்லிங்குகளை அல்ல. ஒரே பல்லில் மூன்று பரப்புகளில் மூன்று ஃபில்லிங் வைத்தாலும் அது ஒரு பல்தான், 2ஏ. இரண்டு பல் ஃபில்லிங், ஒரு பல் எடுத்தல் என்றால் மூன்று பற்கள், 2பி. புதியவர்கள் இரண்டு திசையிலும் தவறுகிறார்கள். உரிமையுள்ள 5-ஐ விட்டு 3 போடுபவர்கள்தான் அதிகம். மென்பொருள் தானாகப் பேண்ட் போட்டாலும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள்.

கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, அதே தொகுப்பில் அதன் மேல் கிரவுன் என்றால் 12 மட்டும். 7 கூட 12 என்று 19 ஆகாது. மூன்று கிரவுன் செய்தாலும் 12-தான், லேப் பில் மட்டும் மூன்று மடங்கு. இந்த ஒப்பந்தத்தின் பெரிய குறை இது என்பதில் சந்தேகமில்லை. பல் அதிகம் கெட்டுப்போன ஏழை நோயாளிக்கு நேரமும் பொருளும் அதிகம் செலவாகும், வரவு அதே அளவு. 2022-இல் பேண்ட் 2-ஐ மூன்றாகப் பிரித்தது இந்தக் குறையில் ஒரு துண்டைத்தான் சரிசெய்தது.

அதற்கு மாற்றாகச் சிலர் செய்யும் தவறு, தொகுப்பைப் பிரிப்பது. இன்று பரிசோதனை மட்டும் என்று பேண்ட் 1-இல் மூடிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனையில் கண்ட ஃபில்லிங்குக்குப் புதிய படிவம் திறப்பார்கள். 3 யு.டி.ஏ. வர வேண்டிய இடத்தில் 1 கூட 3 என்று 4 வரும். நோயாளி 75.30 பவுண்டுக்குப் பதில் 102.70 கட்டியிருப்பார். இது முறைகேடு. ஒரே நோயாளிக்கு 28 நாட்களுக்குள் மறுபடி படிவம் வரும் விகிதத்தை என்.எச்.எஸ்.பி.எஸ்.ஏ. தனியாகவே எடுத்துப் பார்க்கிறது. கேட்கும்போது உங்கள் குறிப்பேடு பதில் சொல்ல வேண்டும்.

அதே சமயம், வலிக்கு அவசர சிகிச்சை தந்து மூடிய பிறகு, நோயாளி முழுப் பரிசோதனைக்கு வந்தால் அது நியாயமான புதிய தொகுப்பு. அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்.

சின்ன வேலைகளுக்கும் யு.டி.ஏ. உண்டு: பல்செட் பழுதுபார்த்தல் 1, தையல் பிரித்தல் 1, இரத்தப்போக்கை நிறுத்துதல் 1.2, மருந்துச் சீட்டு மட்டும் எழுதினால் 0.75. நோயாளியிடம் இவற்றுக்கு பல் சிகிச்சைக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் படிவமே போடாமல் விடும் கிளினிக்குகள் உண்டு. நாளுக்கு ஒன்று விட்டாலும் ஆண்டில் நூற்றுக்கு மேல்.

7. தொகுப்பை மூடி, இரண்டு மாதத்துக்குள் அனுப்புங்கள்

சிகிச்சை முடிந்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எஃப்.பி.17 போய்ச் சேர வேண்டும். தாமதமானால் படிவம் பதிவாகும், யு.டி.ஏ. ஏறாது. வேலை செய்தது உண்மை, நோயாளி கட்டணம் கழிக்கப்படுவதும் உண்மை, வரவு மட்டும் பூஜ்யம். அதனால் முடிந்த அன்றே அனுப்புவதைப் பழக்கமாக்குங்கள்.

பெரும் இழப்பு திறந்தே கிடக்கும் தொகுப்புகளில்தான். நோயாளி ஒரு ஃபில்லிங் முடித்துவிட்டு அடுத்ததற்கு வராமல் போய்விடுவார். தொகுப்பு மூடப்படாமலே கிடக்கும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், திறந்திருக்கும் தொகுப்புகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வராதவரை அழைத்து, அழைத்த தேதியைக் குறித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் முடிவடையாத சிகிச்சை என்ற குறியோடு, உண்மையில் நடந்த சிகிச்சையின் பேண்டில், கடைசி வருகையின் தேதியில் மூடுங்கள். பல வாரம் காத்திருந்து மூடினால் கடைசி வருகைத் தேதியே இரண்டு மாதத்தைத் தாண்டிவிடும். எனவே ஆறாவது வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

முடிந்த இரண்டு மாதத்துக்குள் அதே நோயாளிக்கு அதே பேண்டிலோ கீழ்ப் பேண்டிலோ மேலும் சிகிச்சை தேவைப்பட்டால், அவரிடம் மறுபடி கட்டணம் வாங்கக் கூடாது. யு.டி.ஏ. உங்களுக்கு உண்டு. இதற்கான கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால் கட்டணம் உங்கள் கிளினிக்கிலிருந்து கழியும். ஃபில்லிங், வேர் சிகிச்சை, இன்லே, பீங்கான் வெனீர், கிரவுன் ஆகியவை 12 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாகச் சரிசெய்யும் விதிக்கும் தனிக் கட்டம் உண்டு. விபத்தில் உடைந்தது, தற்காலிகமாக வைத்தது போன்றவை அதில் அடங்காது.

மறுபரிசோதனை இடைவெளியையும் படிவத்தில் நிரப்புங்கள். மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பின்படி பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம், 18-க்கு உட்பட்டவர்களுக்கு 3 முதல் 12 மாதம். எல்லோரையும் ஆறு மாதத்தில் கூப்பிடும் பழைய பழக்கத்தை விடுங்கள், அது கேள்விக்குள்ளாகும்.

8. நோயாளி கட்டும் கட்டணம் எங்கே போகிறது

2025 ஏப்ரல் கட்டணப்படி பேண்ட் 1-க்கும் அவசர சிகிச்சைக்கும் 27.40 பவுண்டு. பேண்ட் 2-இன் மூன்று பிரிவுக்கும் ஒரே கட்டணம், 75.30. பேண்ட் 3-க்கு 326.70.

இது கிளினிக்கின் கூடுதல் வருமானம் அல்ல. எஃப்.பி.17-இல் காட்டிய கட்டணம் அத்தனையும் மாதப் பங்கிலிருந்து கழிக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் அந்த மாதப் படிவங்களில் 6,800 பவுண்டு கட்டணம் என்றால், 23,333-க்குப் பதில் 16,533 வரும். மீதி 6,800 ஏற்கனவே முன்மேசையில் வசூலாகியிருக்க வேண்டும். வசூலாகவில்லை என்றாலும் கழிவு நிற்காது. நோயாளி "அடுத்த முறை தருகிறேன்" என்று போனால் அந்தக் கடன் கிளினிக்குடையது. பேண்ட் 3-க்கு லேப் வேலை அனுப்பும் முன் கட்டணத்தை வாங்கிவிடுவது இதனால்தான்.

28 பவுண்டு மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கட்டணம் கட்டும் நோயாளிக்கு அரசு எவ்வளவு போடுகிறது என்று பாருங்கள். பேண்ட் 1-க்கு ஒப்பந்த மதிப்பு 28, நோயாளி தருவது 27.40, அரசின் பங்கு 60 பென்ஸ். பேண்ட் 3-க்கு மதிப்பு 336, நோயாளி 326.70, அரசு 9.30. பேண்ட் 2சி-க்கு மதிப்பு 196, நோயாளி 75.30, அரசு 120.70. விலக்குள்ள நோயாளிக்கு முழுத் தொகையும் அரசுடையது. கிளினிக்குக்கு இருவரும் ஒரே மதிப்புதான். விலக்குள்ளவர்கள் அதிகம் வந்தால் வருமானம் குறையும் என்று நினைத்து அவர்களைத் தள்ளிவைப்பவர்கள் விதியையும் மீறுகிறார்கள், கணக்கையும் புரிந்துகொள்ளவில்லை.

கட்டணம் ஏப்ரல் 1 அன்று மாறினால், தொகுப்பு தொடங்கிய தேதியின் கட்டணமே செல்லும். மார்ச்சில் தொடங்கி மேயில் முடிந்தாலும் பழைய கட்டணம்.

9. மாதச் சரிபார்ப்பு

மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்களை அருகருகே வையுங்கள்: மென்பொருள் அனுப்பியதாகச் சொல்லும் யு.டி.ஏ., காம்பஸில் ஏறிய யு.டி.ஏ., உங்கள் சம்பளத் தாளில் உள்ள யு.டி.ஏ. மூன்றும் அப்படியே ஒத்துவராது, ஏனென்றால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அதன் பின் அனுப்பியவை அடுத்த மாதத்தில் சேரும். ஆனால் வித்தியாசம் மாதாமாதம் வளர்ந்தால் எங்கோ நிராகரிப்பு குவிகிறது என்று பொருள்.

நிராகரிக்கப்பட்ட படிவங்களைத் திருத்தி அனுப்ப ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். இரண்டு மாதக் கெடு திருத்தத்துக்காக நிற்பதில்லை.

10. செப்டம்பர் 30, மார்ச் 31

ஒப்பந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. செப்டம்பர் 30 வரைக்குமான கணக்கை ஐ.சி.பி. பார்க்கும். ஆண்டு இலக்கில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று திட்டம் கேட்கலாம், மீதி மாதப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தியும் வைக்கலாம். 30-ஐ மட்டும் இலக்காக வைக்காதீர்கள். டிசம்பரில் நோயாளிகள் குறைவு, குளிர்காலத்தில் வராமல் போவது அதிகம். செப்டம்பர் முடிவில் 48 சதவீதம் இருந்தால்தான் நிம்மதி.

மார்ச் 31-இல் முக்கியமான கோடு 96 சதவீதம். 10,000-க்கு 9,600 முடிந்திருந்தால் பணம் திரும்பப் போகாது, குறைந்த 400 அடுத்த ஆண்டு வேலையில் சேரும். 9,590 முடிந்திருந்தால் குறை முழுவதும், அதாவது 410 யு.டி.ஏ.வுக்கான 11,480 பவுண்டு திரும்பப் பெறப்படும். 10 யு.டி.ஏ. வித்தியாசத்துக்கு இவ்வளவு. திறந்து கிடக்கும் நான்கு ஃபில்லிங் தொகுப்புகளை உரிய நேரத்தில் மூடியிருந்தாலே கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

96-க்கு மேல் நின்றாலும் அந்த 400 கடன்தான். அடுத்த ஆண்டு 10,400 செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு 96-இலேயே நிற்கும் கிளினிக்கில் சேரும் அசோசியேட் இந்தப் பழைய சுமை தன் இலக்கில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

100-க்கு மேல் செய்தால் தானாகப் பணம் வராது. 110 சதவீதம் வரை தர விதி இடம் தருகிறது, ஆனால் ஐ.சி.பி. முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் பிப்ரவரியில் கூடுதல் நாட்கள் உட்காராதீர்கள்.

எந்த ஆண்டுக் கணக்கு என்பதை முடிந்த தேதி தீர்மானிக்கிறது. பல்செட் மார்ச்சில் அளவெடுத்து ஏப்ரல் 3-இல் பொருத்தினால் 12-உம் அடுத்த ஆண்டுக்கு. அதனால் ஜனவரியிலேயே லேப் வேலைகளின் பட்டியலைப் போட்டு, பொருத்தும் தேதியை மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். பொருத்தாததைப் பொருத்தியதாக மார்ச் 31 தேதியிட்டு மூடுவது மோசடி. லேப் பில்லின் தேதியே காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 31-க்குள் முடிந்தவை மே முடிவுக்குள் போய்ச் சேர்ந்தால் கணக்கில் வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மீதி நாட்களை நிராகரிப்புகளைச் சரிசெய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

11. பென்ஷனும் வரியும்

அசோசியேட் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகவே கணக்கு. ஆனாலும் என்.எச்.எஸ். பென்ஷனில் சேர உரிமை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் பென்ஷனுக்குரிய வருமான மதிப்பீட்டைப் புரொவைடர் காம்பஸில் பதிவார். ஒரு ஒப்பந்தத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒப்பந்தத் தொகையின் 43.9 சதவீதம்தான் உச்சம். நம் எடுத்துக்காட்டில் 1,22,920 பவுண்டு. அந்த மதிப்பீட்டின் மேல் உங்கள் பங்களிப்பு மாதாமாதம் பிடிக்கப்படும்.

பதிவை நீங்களே திறந்து பாருங்கள். நடு ஆண்டில் நாட்களைக் கூட்டினாலோ குறைத்தாலோ மதிப்பீட்டை மாற்றச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்ததும் ஏ.ஆர்.ஆர். என்னும் இறுதி அறிக்கை உண்மையான வருமானத்தை வைத்துச் சமன் செய்யும். அதை உங்கள் சம்பளத் தாள்களோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

வருமான வரியை யாரும் பிடித்துக் கட்டமாட்டார்கள். வரி ஆண்டு ஏப்ரல் 5-இல் முடியும், கணக்கும் பணமும் அடுத்த ஜனவரி 31-க்குள் போக வேண்டும். அதோடு அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தின் முதல் பாதி அதே ஜனவரி 31-இலும், இரண்டாம் பாதி ஜூலை 31-இலும் வரும். முதல் ஜனவரியில் ஒரே நேரத்தில் ஒன்றரை ஆண்டு வரி கேட்பது போல இருக்கும். ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

12. வேலையை விட்டு விலகும்போது

விலகும் தேதிக்கு எட்டு வாரம் முன்பே புதிய நீண்ட சிகிச்சைகளைத் திறப்பதைக் குறையுங்கள். திறந்தவற்றை முடியுங்கள், முடியாதவற்றை யார் எடுத்துக்கொள்கிறார், யு.டி.ஏ. யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழுதாகும் சிகிச்சைகளைச் சரிசெய்வதற்காகக் கிளினிக் ஒரு தொகையை நிறுத்திவைப்பது வழக்கம். எவ்வளவு, எத்தனை மாதம், எந்தப் பில்லைக் காட்டினால் கழிக்கலாம் என்பது முதலிலேயே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நடு ஆண்டில் விலகினால் உங்கள் இலக்கு வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 5,000-க்கு ஆறு மாதம் என்றால் 2,500-தான் ஒப்பிட வேண்டிய எண்.

கடைசி நாளுக்கு முன் காம்பஸிலிருந்து உங்கள் யு.டி.ஏ. அறிக்கையையும், கிளினிக்கிலிருந்து லேப் பில்களின் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதிக் கணக்கு பல மாதம் கழித்துத்தான் வரும், அப்போது கிளினிக் மென்பொருளில் உங்களுக்கு நுழைவு இருக்காது.